வாசல்ல ஆரம்பிச்ச கோடு

அவன் கார்ல வந்து இறங்கினப்ப நான் மாடியில போர்வை உலர்த்திக்கிட்டு இருந்தேன். மலை ஏற வர்றவங்க தங்குற விடுதி இது. பழைய கட்டடம், மழைக்காலத்துல சுவத்துல கை வெச்சா ஈரம் ஒட்டும். இதைப் பாத்துக்கறது நான்தான். யாரு வந்தாலும் சிரிச்ச முகமா வாங்கன்னு சொல்றது என் பொழப்பு. அவனுக்கு மட்டும் வாய் வரல.

மூஞ்சியைப் பாத்ததுமே யாருன்னு தெரிஞ்சுபோச்சு. "வழிகாட்டி"ன்னு தனக்குத் தானே பேர் வெச்சுக்கிட்டு, நடந்த பாதையெல்லாம் செல்போன்ல பதிவு பண்ணி, ஆப்ல மேப்பு மேல நீலக் கோடா போடுறவன். அந்த நீலக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஊர்ப்பட்ட ஜனம் நடக்குது. எங்க மலைக்கும் ஒரு கோடு போட்டான். அந்தக் கோடுதான் என் தம்பியைக் கொன்னுச்சு.

தம்பி மீட்புக் குழுவுல இருந்தான். மாட்டிக்கிட்டவங்களைக் கயிறு கட்டி இறங்கித் தூக்கிட்டு வர்ற வேலை. ஆள் பக்கத்துல போனதும் முதல்ல சொல்றது ஒண்ணுதான். "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்." அது வாக்கி-டாக்கியில எனக்கும் கேக்கும். கேட்டதும் எழுந்து அடுப்புல தண்ணி வெப்பேன், குளிர்ல விறைச்சு வர்றவங்களுக்குக் குடிக்க.

கடைசித் தடவை அந்த வார்த்தை வரல. கோட்டை நம்பிப் போய்ப் பாறை விளிம்புல மாட்டிக்கிட்ட ரெண்டு பேரை எடுக்கப் போனவன், பனிமூட்டத்துல வழுக்கி விழுந்துட்டான். அந்த ரெண்டு பேரும் பிழைச்சுட்டாங்க. நல்லா இருக்கட்டும்.

வழிகாட்டி கையில கேமரா ஸ்டாண்டோட நின்னான். "அக்கா, தம்பி நினைவா ஒரு வீடியோ போடலாம்னு வந்தேன்."

"முதல்ல அந்தக் கோட்டை ஆப்ல இருந்து எடு."

அவன் சமையலறை மேசையில போனை வெச்சுட்டு, சொந்த வீடு மாதிரி உக்காந்தான்.

"எடுத்தா என்னக்கா மாறப்போகுது? மலை எல்லாருக்கும் பொது. தெரிஞ்சவன் மட்டும் போவான், தெரியாதவன் வீட்ல உக்காரணுமா?"

"வழி சொல்லாதேன்னு நான் சொல்லல. சொல்றதை முழுசா சொல்லு. அந்தப் பாறையில நீ எப்படி இறங்கினே?"

அவன் கேமரா ஸ்டாண்டை மடக்கிக் கீழ வெச்சான்.

"கயிறு கட்டி."

"அது உன் கோட்டுல இருக்கா?"

"அங்க சிக்னல் போயிடுச்சுக்கா. மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டுதான் பதிவாச்சு. வீட்டுக்கு வந்து நடுவுல விரலால இழுத்துச் சேத்துட்டேன். அறுந்த கோட்டை யாரு டவுன்லோட் பண்ணுவாங்க?"

"கயிறு இல்லாம போகாதீங்கன்னு ஒரு வரி எழுதினா கை தேஞ்சிடுமா?"

"எழுதினா யாரும் படிக்கறதில்லக்கா."

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. வீட்டு சோபாவுல சாஞ்சுக்கிட்டு ஒரு இழுப்பு இழுத்திருக்கான் பாவி. அந்த இழுப்புக்குள்ள என் தம்பி விழுந்துட்டான். என்ன திட்டுறதுன்னு வார்த்தை தேடிக்கிட்டு இருக்கும்போதே ஜன்னல் வெளுத்துப்போச்சு. மூட்டம் இறங்கிடுச்சு.

ஈரக் கயித்து வாசனை வந்துச்சு.

அலமாரியில தம்பியோட வாக்கி-டாக்கி கரகரன்னுச்சு. அதுல பேட்டரி கிடையாது. நானேதான் கழட்டி வெச்சேன்.

மேசையில இருந்த போன் தானா முழிச்சுக்கிச்சு. மலையோட படம், நீலக் கோடு, அதுமேல ஒரு சின்னப் புள்ளி. அவன் விரலால இழுத்த இடத்துல, நட்ட நடுவுல.

புள்ளி ஏறிக்கிட்டு இருந்துச்சு.

"ஆப்ல ஏதோ கோளாறு," அவன் முணுமுணுத்தான்.

பாறையைத் தாண்டுச்சு. காட்டைத் தாண்டுச்சு. நாங்க மூச்சுவிடாம பாத்துக்கிட்டு இருக்கும்போதே விடுதிகிட்ட வந்துடுச்சு.

வெளியே படிக்கல்லுல பூட்ஸைத் தட்டுற சத்தம்.

தட். தட்.

சேறு போக ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் தம்பி உள்ள வருவான். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். யாருமில்ல. படியில ஈர மண்ணு. திரும்பி வந்து பாத்தா புள்ளி விடுதியைத் தாண்டி ரோட்டுல போய்க்கிட்டு இருக்கு. பெத்தவ மாதிரி வளத்தவளை ஒரு பார்வை பாக்காம போயிட்டான். அதுதான் எனக்குத் தாங்கல.

அப்பதான் கவனிச்சேன். கோடு மலையடிவாரத்துல முடியல. ரோட்டோட ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"பதிவை எங்க ஆன் பண்ணினே?"

அவன் முகத்துல ரத்தமே இல்ல. "வீட்டு வாசல்லயே ஆன் பண்ணிட்டுக் கார்ல ஏறினேன். போடுறதுக்கு முன்னாடி அந்தத் துண்டை வெட்டணும். மறந்துட்டேன்."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

"எடு கோட்டை. இப்பவே."

"வீட்டுக்குப் போய் எடுக்கறேன்க்கா. கம்ப்யூட்டர்லதான் முடியும்." கேமரா ஸ்டாண்டைக்கூட எடுக்காம ஓடினான்.

எடுக்கல. மறுநாள் ஒரு கும்பல் அதே கோட்டை எனக்கே காட்டி, இந்த வழி நல்லா இருக்குமான்னு கேட்டுச்சு. கத்தித் திருப்பி அனுப்பினேன். அவனுக்குப் போன் போட்டா, நாளைக்குப் பண்றேன்க்காங்கறான். எத்தனை பேர் டவுன்லோட் பண்ணியிருக்காங்கன்னு ஒரு எண்ணு காட்டுமாம், அதை விட மனசு வரல அவனுக்கு. புள்ளி மட்டும் ரோட்டுக்கு வந்ததும் வேகம் குறைஞ்சு, நிதானமா, ஒரு ஆள் நடக்கற வேகத்துல போய்க்கிட்டே இருந்துச்சு. தினமும் என் போன்ல பாப்பேன்.

அப்புறம் ஒருநாள் பட்டப்பகல்ல அவனே கூப்பிட்டான்.

"அக்கா, புள்ளி என் தெருவுக்குள்ள வந்துடுச்சு. ஈரக் கயித்து வாசனை வருது. உங்க தம்பிகிட்ட சொல்லுங்கக்கா."

"கோட்டை எடுத்தியா?"

"எடுத்துட்டேன். சத்தியமா இப்பதான் எடுத்தேன்."

ஆப்பைத் திறந்தேன். நிஜம்தான். மலை துடைச்சு விட்டாப்ல இருந்துச்சு. இனிமே அந்த விளிம்புக்கு எந்தப் பிள்ளையும் போகாது. கெஞ்சிக் கேட்டப்ப எடுக்காதவன், தன் வாசலுக்கு வந்ததும் எடுத்துட்டான்.

கோடு போயிடுச்சு.

புள்ளி போகல.

போன்ல அவன் அழறது கேட்டுச்சு. பாவம்னு தோணுச்சு. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சமாத்தான் தோணுச்சு. "டேய், போதும்டா, வந்துடு"ன்னு நான் தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல.

அவன் அழுகைக்குப் பின்னாடி, அவன் வீட்டுப் படியில சத்தம்.

தட். தட்.

போன் கட்டாயிடுச்சு.

எனக்குப் பின்னாடி, பேட்டரி இல்லாத வாக்கி-டாக்கி கரகரன்னுச்சு.

"பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்."

நான் எழுந்து அடுப்புல தண்ணி வெச்சேன்.