நெஞ்சுக்குள் ஒரு குடம்

மூன்றாவது குடத்தையும் முற்றத்தில் கவிழ்த்தாள் கங்கையம்மாள். குழாயை இறுக்கினாள். தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சிச் சட்டியைக்கூடக் கொட்டியாயிற்று. நிமிர்ந்தாள்.

களக்.

வீட்டுக்குள் எங்கோ இன்னும் தண்ணீர் அலம்பிக்கொண்டுதான் இருந்தது.

மற்ற நாளாயிருந்தால் இது காதில் விழுந்திருக்காது. இன்று அமாவாசை, தறிக்கு விடுமுறை. மதியமே தெரு மொத்தமும் வேன் பிடித்து மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டது. எந்தத் தறியிலும் நாடா ஓடாத அந்த வெறிச்சோடிய சாயங்காலத்தில், பட்டும் கஞ்சியும் ஈரச் சிமெண்டும் கலந்து மணக்க, சுவரைப் பிடித்தபடி ஓர் அடி வைத்தாள். களக். நின்றாள். சத்தமும் நின்றது. குனிந்தாள். களக், களக்.

கை தானாக வலது விலாத் தழும்புக்குப் போனது.

சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஆபரேஷன் செய்த டாக்டரே பேசினார். சத்தத்தைச் சொன்னாள்.

"உட்கார்ந்தா தலை பிளக்குதாம்மா?"

"ஆமாங்க சார், பத்து நாளா. படுத்தா விட்டுடுது. தறியில குந்துனா..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தறியா? தறிக்குழியில இறங்கவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"முகூர்த்தப் பொடவை சார். ஒரு முழந்தான் பாக்கி இருக்குது..."

அவர் ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நல்லாக் கேளுங்க. நெஞ்சு வழியாப் போய்த்தான் முதுகெலும்புல ஆபரேஷன் பண்ணோம். மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஒரு தண்ணி இருக்கும்மா. அது கசிஞ்சு நெஞ்சுக்குள்ள இறங்குது. அசையாமப் படுங்க. அட்ரஸ் இங்க இருக்கு, ஆம்புலன்ஸ் அனுப்புறேன். பொண்ணு கூடத்தானே இருக்காங்க?"

"இருக்குது சார்."

தறியோரம் தரையில் படுத்தாள். தலைவலி மெல்ல விட்டது. மூச்சு குறுகியது. இப்போது அவள் அசையவே இல்லை. ஆனாலும் கேட்டது. களக். கொஞ்சம் மேலே. களக். இன்னும் மேலே. தொண்டைக்குக் கீழே.

போன் அடித்தது. விரலால் தடவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"யம்மா, வந்துட்டோம். கதவத் தொறங்க."

டக். டக். டக்.

போன உயிர் திரும்பியது. வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். கதவைத் தாழிட்டிருக்கவில்லை. பாதி திறந்தே கிடந்தது. படியில் வெயில்.

நிழல் இல்லை.

டக். டக். டக்.

போனுக்குள்ளிருந்து.

"இன்னாபா, பூட்டு தொங்குது?" இன்னொரு குரல். "வாலாஜாபாத் அட்ரஸ் இதானே? பொண்ணு பேரு தீபிகா?"

தீபிகா மஸ்கட் போய் எட்டு மாதம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பாதிப் புடவை தறியில் நின்றது. மகள் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி, அவளுடைய பூட்டிய வீட்டின் விலாசத்தைக் கங்கையம்மாள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"யம்மா, லைன்ல இருக்கீங்களா? எங்கம்மா இருக்கீங்க?"

காஞ்சிபுரம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

களக்.