நோவுக்குப் பதில் சொன்னவள்

டொக்டர் பிரதீபன் இலுப்பைக்கடவைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் தணியவில்லை. மன்னாரிலிருந்து வடக்கே போகும் கரையோர வீதியில் ஒரு குச்சொழுங்கை. அதன் முடிவில், கடலைப் பார்த்தபடி ஓடு போட்ட ஒரு சின்ன வீடு. முற்றத்தில் வலை காயவில்லை. நாய் குரைக்கவில்லை. கருவாடு மணக்க வேண்டிய இடத்தில் அணைந்த மெழுகுதிரியின் மணம் மட்டும் தேங்கி நின்றது.

"கெதியா முடிச்சுக்கொண்டு வெளிக்கிடுவம்," என்றார், கூட வந்த நுஸ்ரியாவிடம். அவள் கொண்டச்சி ஊர்ப் பெண். தாதி வேலைக்குப் படித்துவிட்டு, அவருடைய ஆராய்ச்சிக்கு உதவியாக இருந்தாள்.

இருதயத்தில் ஒப்பரேசன் செய்வதற்கு நெஞ்செலும்பை நடுவால் பிளப்பார்கள். வேலை முடிந்ததும் உருக்குக் கம்பியால் முறுக்கிக் கட்டி மூடுவார்கள். புண் ஆறிய பிறகும் பலருக்கு அந்த நோ மாதக்கணக்கில் விட்டுப்போகாது. பிரதீபன் மயக்க மருந்து வைத்தியர். மயக்கம் கொடுக்கும் நேரத்திலேயே எலும்பின் இரு பக்கமும் ஊசி போடும் முறை ஒன்றை வைத்திருந்தார். தான் ஊசி போட்ட ஆட்களில் ஒருவருக்குக்கூட நோ மிஞ்சவில்லை என்று அடுத்த கிழமை கொழும்பு மாநாட்டு மேடையில் சொல்லவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசைக்குக் குறுக்கே ஒருத்தி வந்து விழுந்தாள். எடித். போன மாதம் செத்துப்போனாள்.

ஒப்பரேசன் செய்து வருசம் திரும்புவதற்கு முதல் ஒரு ஆள் செத்தால், ஏன் என்று கேட்பார்கள். அவளுக்கு நெஞ்சில் நோ இருக்கவில்லை என்று புருசன் கொன்ஸ்ரன்ரைன் ஒரு வசனம் சொல்லவேண்டும். அதைப் போனில் பதிந்துகொண்டு போனால் சோலி முடிந்தது.

அவர் சொல்லுவார் என்பதில் டொக்டருக்குச் சந்தேகமே இல்லை. முன்பு வந்த நேரமெல்லாம் சொன்னவரும் அவர்தானே. "நோகுதோ?" என்று டொக்டர் எடித்தைக் கேட்பார். கேட்கும்போதே அவருடைய முகம் கொன்ஸ்ரன்ரைன் பக்கம் திரும்பிவிடும். "அவவுக்கு ஒண்டுமில்லை டொக்டர். சுகமாத்தான் இருக்கிறா," என்று வீட்டுக்காரர் பெரிய மனுசத் தோரணையில் சொல்லுவார். எங்கள் பக்கத்தில் வைத்தியர் கேட்கும் கேள்விக்கு வருத்தக்காரர் எப்போதாவது பதில் சொல்லியிருக்கிறாரா? கூட வந்தவர்தான் சொல்வார். எடித் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருப்பாள்.

ஒருமுறை குசினிக்குள் நுஸ்ரியாவிடம் மட்டும் வாய் திறந்தாள். "நெஞ்சுக்குள்ளை கம்பி குத்துது பிள்ளை. படுக்கேலாது. இரவிரவா யன்னலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

நுஸ்ரியா அதை ஓடிவந்து டொக்டரிடம் சொன்னாள்.

"வீட்டுக்காரர் சொல்லுறதைத்தான் நாங்கள் எடுக்கோணும். நீர் அதை எழுத வேண்டாம்," என்றார். எல்லாம் மனசுதான் என்று சொல்லி, பனடோல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அறுந்த கம்பி குத்திய இடம் சீழ் வைத்தது. காய்ச்சல் கண்டது. அதோடு எடித்தின் கதை முடிந்தது. ஆகவே, இந்த டொக்டருக்காக இரக்கப்பட யாரும் அவசரப்பட வேண்டாம்.

கொன்ஸ்ரன்ரைன் வாசலுக்கு வரவில்லை. உள்ளே, யன்னல் சாத்திய அறையில், கதிரை நுனியில் இருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். இரண்டு கையும் நெஞ்சைப் பொத்தியிருந்தன. சேட் வேர்வையில் தோய்ந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"என்ன அண்ணை, எப்பிடி இருக்கிறியள்?"

கொன்ஸ்ரன்ரைனின் தாடை நடுங்கியது. உதடு பிரியவில்லை.

"அவருக்கு ஒண்டுமில்லை டொக்டர். சுகமாத்தான் இருக்கிறார்."

படுக்கையறைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். தாழ்ந்த, அடக்கமான பெண்குரல். செத்த வீட்டுக்கு உதவியாக வந்து நிற்கும் சொந்தக்காரியாக்கும் என்று டொக்டர் நினைத்தார். எடித்தின் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவளை அவர் பேசவிட்டதே இல்லை.

நுஸ்ரியாவுக்குத் தெரியும். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

டொக்டர் போனை எடுத்து மேசையில் வைத்து, பதியும் பொத்தானை அழுத்தினார். "அண்ணை, ஒரு சின்ன விசயம். ஒப்பரேசனுக்குப் பிறகு எடித்துக்கு நெஞ்சில நோ ஏதும் இருந்ததோ?"

கொன்ஸ்ரன்ரைனின் கண் நிறைந்து வழிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சொல்லை வெளியே தள்ளுவதற்கு அந்த மனுசன் பட்ட பாட்டை நுஸ்ரியாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அதை அவவிட்டையே கேட்டிருக்கலாமே," என்றது திரைக்குப் பின்னிருந்த குரல்.

டொக்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் காரியம் ஆகவேண்டுமே. "அக்கா, நீங்கள் எண்டாலும் சொல்லுங்கோ. அவ சுகமாத்தானே இருந்தவ?"

திரை உள்ளே இழுபட்டு வெளியே வந்தது. வீட்டில் காற்று இல்லை.

"ஓம் டொக்டர். சுகமாத்தான் இருந்தவ. பதிஞ்சுகொள்ளுங்கோ."

கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. டொக்டர் போனைப் பொக்கற்றுக்குள் போட்டார். நுஸ்ரியா முன்னால் போய்த் திரையை விலக்கினாள். வெறும் அறை. சாத்திய ஒரு யன்னல். கம்பிகளில் கை பிடித்துப் பிடித்து வர்ணம் போயிருந்தது. வேறு வாசல் இல்லை.

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை சேர்."

"பின்னால போயிருப்பா."

"பின்னால போக வழி இல்லை சேர்."

அவர் அதைக் காதில் விழுத்தவில்லை. நுஸ்ரியா அவருடைய கையை மறித்தாள். முன்பு ஒருநாளும் அப்படிச் செய்தவள் அல்ல. "இவரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். பாருங்கோ சேர், ஆள் நோவில துடிக்குது."

டொக்டர் பார்த்தார். நோவைக் கண்டால் தெரியாத ஆள் இல்லை அவர். நோவைப் பற்றிப் பேசியே பேர் எடுத்தவர். கதிரையில் இருந்தவரின் கண் அவருடைய கண்ணைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது.

"சுகமா இருக்கிறார் எண்டு வீட்டில சொல்லியாச்சு. வாரும், போவம்," என்று செருப்பைக் கொழுவினார்.

அப்போதுதான் முதல் குத்து விழுந்தது.

நெஞ்சின் நடுவில். ஊசி முனை அளவு.

வாகனத்தை வீதிக்கு எடுத்ததும், பதிந்ததை ஒருமுறை போட்டுக் கேட்டார். அவருடைய கேள்வி தெளிவாக இருந்தது. பதில் வரவேண்டிய இடத்தில் குரல் இல்லை. வேறொரு சத்தம் இருந்தது.

கிரீச்.

அவருக்கு அது தெரிந்த சத்தம். ஒப்பரேசன் கட்டிலில் ஆளின் தலைமாட்டில், துணிமறைப்புக்குப் பின்னால் நின்று எத்தனையோ தரம் கேட்டது. பிளந்த எலும்பை ஒன்று சேர்த்து, உருக்குக் கம்பியை முறுக்கும் சத்தம்.

கிரீச்.

நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது.

போனை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. இரண்டு கையும் ஸ்ரியறிங்கை விட்டுவிட்டு, அவரைக் கேளாமலே நெஞ்சைப் பொத்திக்கொண்டன. வாகனம் உப்புத் தரவை வெளிக்குள் இறங்கி நின்றது. நுஸ்ரியா அவரைப் பக்கத்துச் சீற்றுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தான் ஓட்டினாள். கொண்டச்சியில் வாப்பாவின் லான்ட்மாஸ்டர் உழவு மெசினை ஓட்டிப் பழகிய கை.

"சேர், நோகுதோ? சொல்லுங்கோ சேர்."

சொல்லத்தான் வாயைத் திறக்கப் பார்த்தார். தாடை திறபடவில்லை. பல்லுக்குப் பல் இறுகிக் கிடந்தது. பின் சீற்றில் யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள். வாகனத்துக்குள் மெழுகுதிரி மணத்தது. அதற்குக் கீழே, சீழின் நாற்றமும்.

நுஸ்ரியா கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. வாய்க்குள் ஓதிக்கொண்டே, வழியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அங்கே றொஷான் என்ற இளம் டொக்டர் ஓடிவந்தார். பிரதீபனின் பெயரைக் கேட்டதும் ஆளுக்கு மரியாதை கூடிவிட்டது. இசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், பிறசர் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

"சேர், நெஞ்சு நோகுதோ?" என்று றொஷான் குனிந்து கேட்டார்.

பிரதீபன் உள்ளே கத்தினார். எலும்பு பிளக்கிறது, கம்பி குத்துகிறது, திறந்து பார், என்னைத் திறந்து பார் என்று கத்தினார். உதடு அசையவில்லை.

"டொக்டருக்கு ஒண்டுமில்லை. சுகமாத்தான் இருக்கிறார்."

கட்டிலைச் சுற்றிய திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல். றொஷான் அந்தப் பக்கம் திரும்பினார். முகத்தில் மரியாதை வந்தது. "அப்பிடியோ? முந்தியும் இப்பிடி வாறதோ?" என்று கேட்டு, தலையாட்டி, கேட்டதை எழுதிக்கொண்டார்.

"பொய்," என்றாள் நுஸ்ரியா. "அவருக்கு நோகுது டொக்டர். முகத்தைப் பாருங்கோ. தயவுசெய்து ஒருக்கால் வடிவாப் பாருங்கோ."

"தங்கச்சி, நீங்கள் வேலைசெய்யிற ஆள். வீட்டுக்காரர் சொல்லுறதைத்தானே நாங்கள் எடுக்கலாம்?" றொஷான் பிரதீபனின் தோளைத் தட்டினார். "மாநாட்டு யோசினைபோல, சேர். மனசுதான். பனடோல் எழுதிவிடுறன்."

பிரதீபனின் கண்ணால் நீர் ஓடியது. நுஸ்ரியா அதைப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லாட்டிலும் எனக்குத் தெரியும் சேர்," என்றாள். குரலில் கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது. "அவவும் உங்களை இப்பிடித்தான் பார்த்தவ. நான் திரும்பி அந்த வீட்டுக்குப் போறன். கொன்ஸ்ரன்ரைன் அண்ணையை எண்டாலும் யாரும் கேட்கினமோ பார்ப்பம்."

திரையின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு அவள் வெளியே போனாள். அவளோடு சேர்ந்து அவருடைய வாயும் போய்விட்டது.

மேசையில் போன் அதிர்ந்தது. கொழும்பிலிருந்து மனைவி கிருஷாந்தினி. அவளிடம் மட்டும் எப்படியாவது ஒரு முனகலாவது விடவேண்டும். போனை எடுக்கக் கையை இழுத்தார். கை நெஞ்சை விட்டு எழவில்லை.

அதிர்வு நின்றது. யாரோ போனை எடுத்துவிட்டார்கள்.

"ஓம், நான் கூட நிக்கிறன். அவர் சுகமாத்தான் இருக்கிறார். நீங்கள் வரத் தேவையில்லை."

கட்டிலருகே கதிரை இழுபட்டது. அதில் ஒருவரும் இல்லை. குளிர்ந்த மூச்சு ஒன்று அவருடைய காதுவரை வந்தது.

"எனக்காக எல்லாரும் கதைச்சியள். இனி உங்களுக்காக நான் கதைக்கிறன், டொக்டர்."

கிரீச்.

வெளியே பொழுது பட்டுக்கொண்டிருந்தது. வார்டில் லைற் போட்டார்கள். அற்றென்டன் ஜெனிஸ்ரா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். அவள்தான் கடைசி ஆள் என்று பிரதீபனுக்கு விளங்கிவிட்டது. இனி விடியும்வரை இந்தப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். பார்வையால் அவளை இழுத்தார். இருந்த உயிரையெல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்தார். ஜெனிஸ்ரா அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். பிறகு வெறும் கதிரையின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா ஏன் அக்கா அழுறார்? நோகுதோ?"

சொன்ன பதிலை ஆறுதலாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"அதுதானே, ஆம்பிளையளுக்கு ஒரு சின்ன வருத்தமெண்டாலும் தாங்கேலாது. நீங்கள் எவ்வளவு நாளைக்கு நிப்பியள் அக்கா?"

அதற்கும் பதில் வந்திருக்கவேண்டும். ஜெனிஸ்ராவின் முகம் இளகிப்போனது.

"உங்களைப்போல பொம்பிளை கிடைக்க ஐயா குடுத்து வைச்சிருக்கோணும்," என்றாள். ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரைப் பக்கம் நீட்டினாள்.

கோப்பை அவள் கையை விட்டுப் போனது. கீழே விழவில்லை.

"இருங்கோ அக்கா, உங்களுக்கும் ஒரு தலகாணி கொண்டு வாறன்," என்று சொல்லி, ஜெனிஸ்ரா திரையை நன்றாக இழுத்து மூடிவிட்டுப் போனாள்.