முன்னொலி

நிலவுக் குடியிருப்பான மதியூரிலிருந்து பூமிக்குப் பேசுகிறவர்கள் எல்லோரும் கையில் ஒரு தம்ளர் தேநீர் வைத்துக்கொள்வார்கள். நிலவில் சொன்ன சொல் பூமிக்குப் போய்ப் பதில் திரும்பி வர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு மடக்கு குடித்துவிடலாம். நீண்ட சண்டை என்றால் இரண்டாவது தம்ளர் வேண்டியிருக்கும். மதியூரிலேயே பிறந்த பிள்ளைகள், எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசும்போதுகூட ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள்.

சண்முகையாவுக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. அவன் மதியூரின் காற்றழுத்தப் பிரிவில் மேற்பார்வையாளன். வேலை முடிந்து வந்ததும், கோவில்பட்டியில் இருக்கும் பள்ளிக்கூடத் தோழன் பால்துரையோடு ‘இருட்டுவேட்டை’ ஆடுவான். அந்த ஆட்டத்தில் திரை முழுக்கக் கறுப்பு. எதிரி வரும் திசையைக் காலடி ஓசையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலடி தாமதமாகக் கேட்டால், கேட்கும்போது நாம் உயிரோடு இருக்க மாட்டோம். சண்முகையா தோற்றுக்கொண்டே இருந்தான்.

அவன் மனைவி செண்பகவல்லி பயிர்க்கூடத்தில் வேலை பார்த்தாள். பாடுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. சங்கரன்கோவிலில் இருக்கும் அக்கா கோமதியும் அவளும் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து பாடியவர்கள். மதியூர் வந்த நாளிலிருந்து அது நின்றுபோனது. வீட்டில் பதிவுசெய்து அனுப்புவாள், அக்கா தன் குரலை அதன்மேல் சேர்த்துத் திருப்பி அனுப்புவாள். அதைச் சேர்ந்து பாடியதாக இரண்டு பேருமே ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டுக் கணினியின் பழைய ஒலியட்டை ஒருநாள் கரகரத்து ஓய்ந்தது. ஒலியட்டைக்கென்று இருந்தது ஒரே ஒரு செருகிடம். அதனால் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஒரே அட்டைதான் வாங்க முடியும். இருவரும் கடைக்குப் போனார்கள்.

கடை இயந்திரன் மூன்று அட்டைகளை எடுத்து வைத்தது. முதலாவது பதிவட்டை. பாடகி மூச்சை இழுப்பதைக்கூடச் சுத்தமாகப் பிடிக்கும், ஆனால் ஆட்டத்துக்கு மந்தம். இரண்டாவது ஆட்ட அட்டை. முதுகுக்குப் பின்னால் ஊசி விழுந்தாலும் திசை சொல்லும், ஆனால் பாட்டைப் பானைக்குள் இருந்து பாடுவதுபோல ஆக்கிவிடும். இயந்திரன் விளக்கிக்கொண்டிருந்தபோது செண்பகவல்லி, மூன்றிலும் கொஞ்ச நேரம் எதையுமே பதிவுசெய்யாமல் பதிவுசெய்யச் சொன்னாள். இயந்திரனுக்கு முதலில் புரியவில்லை. சும்மா இருக்கும் கடையைப் பதிவுசெய்ய வேண்டும் என்று அவள் திரும்பச் சொன்னாள். பிறகு காதுப்பொறியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூன்று மௌனங்களையும் கேட்டாள். ஒன்றில் இரைச்சல் மணலாக உதிர்கிறது என்றாள். ஒன்றில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கிறது என்றாள். பதிவட்டையின் மௌனத்தில் மட்டும் கடையே இருக்கிறது என்றாள். சண்முகையா அவளைப் பெருமையோடு பார்த்தான். அட்டை வாங்கப் போகிறவர்கள் சத்தத்தைத்தானே கேட்டுப் பார்ப்பார்கள்.

ஆனாலும் அவன் மனம் மூன்றாவதில் நின்றது. அதன் பெயர் முன்னொலி. பேசுகிறவரின் குரலையும் பழக்கத்தையும் ஆட்டக் கையுறையின் அசைவையும் சில நாளில் படித்துக்கொள்ளும். அதன்பிறகு, அவர் அடுத்துச் சொல்லப்போவதை, பாடப்போவதை, செய்யப்போவதை அவருக்கு முன்பே அனுப்பிவிடும். உண்மைக் குரல் பின்னால் வரும்போது, வித்தியாசம் இருந்தால் ஓசையில்லாமல் திருத்திக்கொள்ளும். தாமதம் என்பதே தெரியாது. பால்துரையிடம் அது ஏற்கெனவே இருந்தது.

“அக்காவோட நெசமாவே சேந்து பாடலாம்” என்றான் சண்முகையா.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் சம்மதித்தாள்.

அட்டை சண்முகையாவை மூன்றே நாளில் படித்து முடித்துப் பச்சை விளக்கு காட்டியது. செண்பகவல்லிக்கு விளக்கு சிவப்பிலேயே நின்றது. அவள் ஒரு வரியை ஒருமுறை பாடியபடி மறுமுறை பாடுவதில்லை. ஒருநாள் கடைசிச் சொல்லை நீட்டுவாள், மறுநாள் அதையே விழுங்குவாள். கடையில் கேட்டபோது, ஒவ்வொரு வரியையும் மாற்றாமல் பாடிப் பழகினால் அட்டைக்கு உதவியாக இருக்கும் என்று இயந்திரன் பணிவோடு சொன்னது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே பாடினாள். விளக்கு பச்சையானது. அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் கோமதி கேட்டாள்:

“ஏட்டி, யாரு பாடுனா? நீயா, உங்க வீட்டு மிசினா?”

செண்பகவல்லி அன்றே தன் பங்குக்கு, முன்கூட்டிப் பாடி அனுப்பும் அந்த வசதியை அணைத்துவிட்டாள். அட்டையை வெறும் ஒலிவாங்கியாக வைத்துக்கொண்டு பல நாள் விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டின் வேகத்தை மாற்றினாள். நிலவுக்கும் பூமிக்கும் இடையிலான தாமதம், சரியாக ஒரு தாளச் சுற்று ஆகும்படி மாற்றினாள். இப்போது அவள் ஒரு சுற்றைப் பாடி அடுத்ததை எடுக்கும்போது, முந்தைய சுற்றைப் பாடும் அக்காவின் குரல் வந்து அதன் அடியில் பாயாக விரியும். எந்தக் கருவியாலும் ஒழிக்க முடியாத தாமதத்தை அவள் பாட்டுக்குள் உட்கார வைத்துவிட்டாள். சண்முகையா கதவோரம் நின்று கேட்டான். உள்ளே போய் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் கெட்டுவிடும் என்று நின்றுவிட்டான்.

அவனுக்கு முன்னொலி வாரி வழங்கியது. பால்துரையோடு ஆட்டம் கத்திமேல் நடப்பதுபோல விறுவிறுவென்று போயிற்று. நடுநடுவே பேச்சு, கேலி, சிரிப்பு, எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

ஒரு மாலை ஆட்டம் தொடங்கியதும் கிழக்கு வாயிலில் காற்றுக்கசிவு என்று அழைப்பு வந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான். கசிவை அடைத்து வீடு திரும்ப மறுநாள் ஆகிவிட்டது. பாதியில் போனதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால், திரையில் ஆட்டம் முடிந்திருந்தது. அவன் ஜெயித்திருந்தான். பதிவைக் கேட்டான். அவன் குரல் கோவில்பட்டியில் மழையா என்று விசாரித்தது, வேலைப்பளுவைப் பற்றி அலுத்துக்கொண்டது, பழைய வாத்தியாரைப் பற்றி வழக்கமான நகைச்சுவையைச் சொன்னது. பால்துரையும் வழக்கமான இடத்தில் சிரித்தான். ஒரு சொல்லைக்கூடத் திருத்தத் தோன்றவில்லை. முதலில் அட்டையை நினைத்து வியந்தான். பிறகு, தான் இல்லாத அந்தப் பேச்சை முதலிலிருந்து மறுபடி கேட்டான்.

பால்துரையை அழைத்து விஷயத்தைச் சொன்னான். பால்துரை தயங்கி, தானும் அன்றைக்கு வீட்டில் இல்லை, ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னான். இரண்டு அட்டைகள் தமக்குள் விளையாடி, நலம் விசாரித்து, சிரித்து, விடைபெற்றிருக்கின்றன. நண்பர்கள் இருவரும் அதற்கும் சிரித்தார்கள். ஆனாலும் சண்முகையா அட்டையின் அமைப்பை மாற்றினான். இனி அது தானாகப் பேசக் கூடாது. என்ன பேசலாம் என்று திரையில் மட்டும் காட்டினால் போதும்.

அடுத்த முறை அழைத்தபோது வாயைத் திறந்தான். திரையில் எழுத்து வந்தது: ‘எலே, அங்கிட்டு மழையா?’ அவன் கேட்கவந்ததும் அதுதான். வாயை மூடிக்கொண்டான். வேலையைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தான். அதுவும் திரையில் இருந்தது. வாத்தியார் கதையும் வரிசையில் காத்திருந்தது. எழுதியிருப்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதாத ஒன்று அவனிடம் இல்லை. பேசாமல் உட்கார்ந்தான்.

“எலே, லைன் போச்சா?” என்றான் பால்துரை.

“இருக்கேன்.”

மறுபடியும் மௌனம். அந்தப் பக்கம் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

“அன்னைக்குக் கல்யாணத்துக்குப் போகலடா. ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது காது போயிட்டு. இடதும் மெல்லப் போகுதுங்காங்க.”

சண்முகையாவுக்கு அந்தக் காதைத் தெரியும். பள்ளிக்கூடத்தில், பின்னால் வரும் வாத்தியாரின் செருப்புச் சத்தத்தைத் தெருமுனையிலேயே பிடித்துவிடும் காது அது.

“எனக்குக் காலடி கேட்டு மூணு மாசம் ஆச்சு. உன்கூட ஆடுனது அட்டைதான். சொல்லணும்னுதான் தெனமும் உக்காருவேன். அதுக்குள்ள நீ மழையான்னு கேப்ப. அது பதில் சொல்லிரும்.”

நீயாவது என்ன ஏதென்று கேட்டிருக்கலாம் என்று பால்துரை சொல்லவில்லை. காது போனபிறகு ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினான். சந்தையில் வாய்கள் அசைவது, மகள் இடது பக்கமாகவே வந்து நிற்கப் பழகியது, ராத்திரி மட்டும் கேட்கும் ஒரு ரீங்காரம். சண்முகையா மூச்சுவிடும் சத்தம்கூட வராமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது திரையில் அட்டை கேட்டது: ‘எதிர்பார்த்த பேச்சு எதுவும் வரவில்லை. பயனர் அறையில் இல்லை என்று தெரிகிறது. உரையாடலை நான் தொடரட்டுமா?’