மணமில்லாதது

வயல்காரர் மங்குன் கையைத் தாழ்த்தியதும் அவர் விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்த கிராம்புச் சிகரெட் அணைந்தது. காற்றில்லை, தூறலில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்தபடியே அவர் தீக்குச்சி கிழித்து மறுபடி பற்றவைத்தார், இரண்டு இழுப்பு இழுத்தார், கையை மீண்டும் கீழே வயல் பக்கம் தொங்கவிட்டார். நெருப்பு மறுபடி செத்தது.

"ஈரம் ஏறிடுச்சு," என்றார் சலிப்பாக.

பக்கத்தில் நின்ற விலுஜெங் சாலையோர உணரிக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். பீடபூமியின் பிற்பகல் மூடுபனி வழக்கம்போலத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்குப் பாத்திகளிலிருந்து கோழி எருவின் நாற்றமும், மேலே ஏதோ ஒரு வீட்டில் சோயாக் கட்டியான தெம்பே பொரியும் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. ஆனால் வாய்க்காலில் தவளைகள் கத்தவில்லை. அவை எப்போது நிறுத்தின என்று அவளுக்கு நினைவில்லை.

எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை. எந்தக் கம்பத்தில் எந்த உணரி என்பது அவள் முடிவு. போன மாதம் வரை இந்தக் கம்பத்தில், பள்ளத்தில் தேங்கும் கரியமில வாயுவை அளக்கும் உணரி இருந்தது. அது அடிக்கடி அலறியது. ஒவ்வொரு முறையும் ஆட்கள் கிழங்கைப் போட்டுவிட்டு மேலே ஓடிவந்தார்கள், மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள், ஒரு நாற்றமும் இல்லை. இந்த ஊரில் பள்ளத்து விஷத்தைக் கந்தக நாற்றத்தை வைத்துத்தான் அறிவார்கள். நாறாத ஆபத்துக்குக் கத்தும் பெட்டி, பொய்ப் பெட்டி. கடைசியில் யாரோ அதை மண்வெட்டியால் அடித்தார்கள். அதன்பிறகு அவள் கந்தக வாயு உணரியை மாட்டினாள். மக்கள் நம்பாத உணரியைவிட நம்பும் உணரி மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இப்பத்தான் உங்க பெட்டிக்குப் புத்தி வந்திருக்கு," என்றார் மங்குன். "முன்னாடி இருந்தது என் மாமியார் மாதிரி. காரணமே வேண்டாம், கத்தும்."

"தார்யந்தி எங்கே ஐயா?"

"உங்க தங்கச்சியா? அந்தா, பள்ளத்துல. மத்தவளுங்க இறங்கப் பயந்தாளுங்க. அவதான், 'எங்கக்கா வச்ச பெட்டி, பச்சை எரியுது, வாங்கடி'ன்னு கூட்டிட்டுப் போனா." அவர் காறித் துப்பினார். "நீங்க வந்து எதையாவது கிளப்பி விட்டுடாதீங்க. போன தடவை வயல்லயே அழுகின கிழங்குக்கு உங்க ஆபீஸா வந்து அழுதுச்சு?"

பனிக்குள் குனிந்த முதுகுகள் தெரிந்தன. போர்த்திய சாரோங் துணிகள், மூங்கில் கூடைகள். மண்வெட்டிச் சத்தம் இல்லை. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. தார்யந்தி இருக்கும் இடத்தில் பேச்சு இல்லாமல் இருந்ததே கிடையாது.

விலுஜெங் பையைத் துழாவினாள். அடிவாங்கிய பழைய உணரி, நெளிந்த மூடியோடு இன்னும் உள்ளேதான் கிடந்தது. மார்புக்கு நேரே பிடித்தாள். எண் சாதாரணமாக இருந்தது. மண்டியிட்டு, சாலை விளிம்புக்குக் கீழே கையை நீட்டினாள். எண் ஓடியது. ஓடி, உச்சியில் போய் நின்றது.

"ஐயா, காலை மேலே எடுங்க."

"ஆரம்பிச்சுட்டீங்களா?" அவர் வயலைப் பார்த்தார். "அடியேய்! தூங்கவா கூலி கேட்டீங்க?" என்று கத்திக்கொண்டே குதித்தார்.

"குனியாதீங்க! ஐயா, குனியாதீங்க!"

அவர் நடந்தார். நிமிர்ந்துதான் நடந்தார். முதல் பெண்ணின் அருகே போய், அவள் தோளைத் தொடக் குனிந்தார்.

நிமிரவில்லை.

கத்தவில்லை, இருமவில்லை. குனிந்தபடியே பாத்தியில் இன்னொரு முதுகு ஆனார்.

விலுஜெங் இறங்கினாள். தலையை நிமிர்த்தி, நெஞ்சில் மூச்சை அடக்கி. பனி இடுப்பளவில் கனமாக அசைந்தது. நாக்கில் சோடா குடித்ததுபோல் ஒரு புளிப்பு. இவள் இல்லை. இவளும் இல்லை. சிவப்புச் சாரோங். தங்கை. மண்ணுக்குள் கை, கைக்குள் கிழங்கு.

தூக்க வேண்டும். தூக்கக் குனிய வேண்டும்.

நின்றாள். காதில் ரத்தம் இடித்தது. அடக்கிய மூச்சு தானாக உடைந்தது. காற்றை இழுத்தாள்.

"அக்கா."

கீழேயிருந்து. அதே குரல். கொஞ்சம் கேலியோடு, எப்போதும்போல.

"குனியேன் அக்கா. ஒண்ணுமே நாறலை."

பாத்திகளில் முகங்கள் திரும்பின. ஒவ்வொன்றாக. மங்குனுடையதும். யாரும் மூச்சு விடவில்லை.

மண் படிந்த விரல்கள் அவள் முன்கையைப் பற்றின. மெதுவாக இழுத்தன. மார்போடு அணைத்திருந்த உணரியில் எண் ஏறத் தொடங்கியது.

மேலே, கம்பத்தில், பச்சை.