ஒரே பெயரில் இரண்டு மலை

கண்ணெதிரே இருக்கிற கோப்பு ஒன்றை 'இல்லை' என்று சாதிக்கும் கணினியை என்ன செய்வது? மீரிமுக்கு அதன் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருந்தது. கணினிக்குக் காது இல்லை, அதுதான் தொல்லை.

அன்று கிர்கிஸ்தானின் நாரின் நகரத்துப் பள்ளியில் நௌரூஸ் புத்தாண்டு விழா. கீழே அரங்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கம்பளித் தொப்பியோடு ஆடக் காத்திருந்தார்கள். அவர்களில் மீரிமின் தங்கை நூராயும் ஒருத்தி. நடனத்துக்கான இசையை, கோமுஸ் என்ற மூன்று தந்தி வாத்தியத்தில், பாட்டு டீச்சர் நேற்றே வாசித்து, இந்த மாடிக் கணினியில் பதிவு செய்து, TOO என்று பெயர் வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதைத் 'தோ' என்று படிக்க வேண்டும். மலை என்று அர்த்தம். இப்போது டீச்சரே ஏதோ மலைப்பாதையில் இருந்தார். போன் போகவில்லை.

பென் டிரைவில் கொண்டுபோகலாம் என்றால், அரங்கக் கணினியில் அதைச் செருகும் துளைக்குள் யாரோ ஒரு வாண்டு காய்ந்த தயிர் உருண்டையைத் திணித்து வைத்திருந்தது. மிச்சம் இருந்தது இரண்டு கணினிகளையும் இணைக்கும் கம்பிதான். அதன் வழியே அனுப்ப, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தால் போதும்:

scp TOO hall:

முதல் சொல், 'பிரதியெடு' என்ற கட்டளை. நடுவில் இருப்பது கோப்பின் பெயர். கடைசியில் இருப்பது அது போய்ச் சேர வேண்டிய கணினியின் பெயர்.

அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கணினி.

அரங்கத்திலிருந்து அண்ணன் திலெக் போனில் வந்தான். "கடைசில முக்காற்புள்ளி வச்சியாடி? அது இல்லேன்னா, அது இன்னொரு கணினின்னே அதுக்குப் புரியாது."

"வச்சேண்ணே. வச்சு வச்சு விரலே வலிக்குது."

"அப்ப பேரைத் தப்பா அடிச்சிருப்ப."

"மூணே எழுத்து. அதுல தப்பு பண்ண என்ன இருக்கு? தோ, இங்கதான் இருக்கு தோ!"

கீழே நிலைமை மோசம் என்றான் திலெக். பிள்ளைகள் ஒருவர் தொப்பியை ஒருவர் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்களாம். நூராய் அழுகையின் விளிம்பில் நிற்கிறாளாம். இனியும் இசை வராவிட்டால் நடனத்தை விட்டுவிட்டுத் தலைமையாசிரியர் உரைக்குப் போய்விடுவார்களாம்.

காலிக் கோப்பு ஒன்றை உண்டாக்கி அனுப்பிப் பார், வழி சரியாக இருக்கிறதா என்று தெரியும் என்றான். மீரிம் இருந்த எரிச்சலில் அதற்கும் TOO என்றே பெயர் வைத்து அனுப்பினாள். அது மட்டும் ஒரு நொடியில் ஓடிப்போனது.

"வந்துடுச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல, உன் மண்டை மாதிரி."

மீரிம் கோப்புப் பட்டியலை மறுபடி பார்த்தாள். திரையில் இப்போது இரண்டு TOO பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளைக் கணினி வைத்துக்கொள்ளாதே! அப்படியானால் இரண்டும் ஒரே பெயர் இல்லை.

விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு விசையிலும் ஆங்கில எழுத்து ஒன்று, கிர்கிஸ் எழுத்து ஒன்று. ஆங்கில T மேல் வரிசையில் இருந்தது. கிர்கிஸ் Т கீழ் வரிசையில் இருந்தது. O எழுத்தும் அப்படித்தான், ஆங்கிலத்துக்கு ஓரிடம், கிர்கிஸுக்கு வேறிடம். தமிழில் துணைக்காலும் 'ர'வும் போல, பார்வைக்கு ஒன்று, ஆள் வேறு. நாம் எழுத்தின் முகத்தைப் பார்க்கிறோம். கணினியோ ஒவ்வொரு எழுத்துக்கும் தான் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்க்கிறது. டீச்சர் மலையைத் தன் மொழியிலேயே எழுதியிருந்தார்.

மீரிம் கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தாள். கிர்கிஸுக்கு மாற்றி ТОО என்று அடித்தாள். மறுபடி ஆங்கிலத்துக்கு வந்து வரியை முடித்தாள்.

"இங்கயும் ரெண்டு தோ நிக்குதுடி," என்றான் திலெக்.

"காலியா இல்லாததைத் திற."

தரை வழியே கோமுஸ் ஒலி மேலேறி வந்தது. கூடவே சின்னக் கால்களின் தடதடப்பும்.

"என்னடி பண்ண?"

"கட்டளைக்கு ஆங்கில எழுத்து. மலைக்கு நம்ம எழுத்து."