இரண்டரை மணித் தேத்தண்ணி

"ராக்காயி அக்கா, நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு லொறி வருது. அதுக்கு முதல் நீங்கள் ஒருக்கா வீட்டுக்கு வந்து பாக்கவேணும்."

சொல்லிக்கொண்டே நேசமலர் தேநீர்க்கடைக்குள் வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார். இரண்டு மாதமாக ஒழுங்காகத் தூங்காத முகம்.

பூவரசங்குளம் சந்தியில் ராக்காயியின் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வன்னிக்கு வந்தவர். தொலைந்த மாட்டையும் களவுபோன மோட்டரையும் இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துக் கொடுப்பார் என்று பெயர். உண்மையில் அவர் செய்வதெல்லாம் ஆட்களைப் பேசவிட்டுக் காது கொடுப்பதுதான். அதுவே நம் ஊரில் அருமையான வித்தையல்லவா!

"மொதல்ல இதைக் குடிங்க. லொறி எதுக்கு?"

"வீட்டை விட்டுட்டுப் போறன். வவுனியா ரவுணில ஒரு அறை பாத்திட்டன். பேயோட என்னால இருக்கேலாது."

பேய் என்றதும், வாசலில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த நிரஞ்சன் துணியோடு உள்ளே ஓடிவந்தான். முப்பத்தைந்து வயது, மீசை, மூன்று பிள்ளைகளின் தகப்பன். துப்பறிதல் என்றால் சவாரியையும் மறந்துவிடுவான்.

நேசமலர் சொன்ன விபரம் இதுதான். மகள் சுகந்தினி செப்டெம்பரில் யாழ்ப்பாணம் கம்பசுக்குப் படிக்கப் போனாள். அந்தக் கிழமையிலிருந்து, நடுச்சாமம் தாண்டி ஒன்றரை மணிக்கு, பூட்டிய வீட்டு மண்டபத்தில் சத்தம் கேட்கிறது. முதலில் கிணுகிணு என்று கனநேரம். பிறகு எதையோ உறிஞ்சும் சத்தம். கடைசியில் ஒரு நீளமான பெருமூச்சு.

"சலங்கை! இரத்தம்!" என்றான் நிரஞ்சன். "மோகினிதான், சந்தேகமே இல்லை."

"நீ சும்மா இரு தம்பி. தெனமும் ஒன்றரை மணிக்குத்தானா?"

"ஒக்டோபர் முடியமட்டும் அப்பிடித்தான் அக்கா. நவம்பர் பிறந்தாப்பிறகு இரண்டரைக்கு வருது. ஞாயிறும் திங்களும் விடியப்புறம் வாறேல்லை. கலண்டரில கோடு போட்டு வைச்சிருக்கிறன்."

"சனி இரவும் ஞாயிறு இரவும் லீவு எடுக்கிற பேயோ?" என்று நிரஞ்சன் சிரித்தான்.

ராக்காயி சிரிக்கவில்லை. அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அன்று வியாழக்கிழமை. "இன்னைக்கு ராத்திரி வர்றோம்" என்றார்.

குளத்தருகே கடைசி வீடு அது. அவர்கள் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது. ராக்காயி டோர்ச் வெளிச்சத்தில் வீட்டைச் சுற்றி வந்தார். முற்றம் முழுக்கச் சேறு. தங்களதும் நேசமலரினதும் செருப்புத் தடங்களைத் தவிர வேறு தடம் இல்லை. கதவுகளுக்கு உள்ளே தாழ்ப்பாள். நிரஞ்சன் தன் பங்குக்கு, பேயோட்டுவதற்கென்று ஒரு தேசிக்காயையும் அதை வெட்டக் கத்தியையும் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

மண்டபத்து மூலையில், கூரைக்குக் கீழே, ஒரு துவாய் தொங்கியது.

"அது என்னங்க, துவாயைப் போய் அவ்வளவு ஒசரத்துல காயப் போட்டிருக்கீங்க?"

நேசமலரின் முகம் சட்டென்று இறுகியது. "அது பழைய கமெரா. கனடாவில இருக்கிற அண்ணை பூட்டினது. வீடும் அவரின்ரதான். இப்ப அது வேலை செய்யாது."

"யாரு மூடினது?"

"நான்தான். இரண்டு வருசத்துக்கு முதல் அம்மா செத்தவா. அண்ணை வரேல்லை. அங்க இருக்கிறதுக்கான பேப்பர் சரிவரேல்லை, வந்தால் திரும்பிப் போகேலாது எண்டார். எட்டாம் நாள் சடங்கு முடிஞ்ச அண்டைக்குக் கோபத்தில, 'அம்மாவைப் பாக்க வராத நீங்கள் இனி எங்களையும் பாக்கத் தேவையில்லை, கதைக்கவும் வேண்டாம்' எண்டு சொல்லிப்போட்டு அதின்ர கண்ணைக் கட்டினனான். பேந்து, அண்டையில இருந்து, அவரும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை." "இப்ப என்னத்துக்கு அதெல்லாம்?"

"சரிங்க, விடுங்க. போன்ல மகளோட பேசுவீங்களா?"

"ஓம், ஒவ்வொரு நாளும் முகம் பாத்துக் கதைப்பன். அதுக்காகத்தான் அவள் போகேக்க பழைய ரவுட்டரைத் துடைச்சு, அண்டைக்கு வெட்டின இன்ரநெட் இணைப்பைத் திரும்பவும் எடுத்தனான்."

ராக்காயி தலையை ஆட்டினார். விளக்கை அணைத்தார்.

நேரம் ஊர்ந்தது. பன்னிரண்டு மணிக்குத் தூரத்தில் நாயொன்று ஊளையிட்டு ஓய்ந்தது. ஒரு மணிக்கு ஓட்டிலிருந்து நீர் சொட்டுவதும் நின்றது. பிறகு தவளைகள் மட்டும்தான். அவையும் இடையிடையே ஒரேயடியாக நின்றுவிடும்போது வந்த அமைதி இருக்கிறதே, அப்பப்பா, அதற்குத் தவளையே மேல் என்றிருந்தது! தனியாக ஒருத்தி இதற்குள் இரண்டு மாதம் எப்படிப் படுத்தாள் என்று நினைத்து நிரஞ்சனுக்கு உண்மையாகவே நெஞ்சு இளகியது.

இரண்டே காலுக்கு ராக்காயி இருவரையும் குசினிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இன்னும் பதினைஞ்சு நிமிசத்துல அவரு வந்துருவாரு. அதுக்கு முன்னாடி சொல்லிர்றேன்" என்றார் மெல்லிய குரலில். "மலரு, நான் முப்பது வருசமா தேத்தண்ணி ஊத்துறேன். கிணுகிணு, உறிஞ்சல், பெருமூச்சு. இது சலங்கையும் இல்ல, ரத்தமும் இல்ல. வேலை முடிஞ்சு களைச்சுப் போயி வந்த மனுசன் தேத்தண்ணி குடிக்கிற சத்தம்."

"நடுச்சாமத்திலையோ?" என்றான் நிரஞ்சன்.

"நமக்குத்தான் நடுச்சாமம். ஞாயிறு, திங்கள் விடியப்புறம் வரல. கனடாவுல அது சனி, ஞாயிறு பின்னேரம். அவருக்கு வேலை இல்லாத நாள். நீதான தம்பி சொன்ன, லீவு எடுக்கிற பேயின்னு. அப்புறம் பேய் ஏன் ஒரு மணிநேரம் பிந்திச்சு? வருசா வருசம் நவம்பர்ல என் கடையில கனடா போனுக்காகக் காத்துக்கிட்டிருக்கிறவங்க என்ன சொல்வாங்க?"

நிரஞ்சன் தலையில் அடித்துக்கொண்டான். "அங்க மணிக்கூட்டை மாத்திப்போட்டாங்கள் எண்டு! இனி ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் எடுப்பினம் எண்டு! என்ர மச்சானும் அப்பிடித்தான்."

"நம்ம ஊரு பேய் கனடா மணிக்கூடு பாக்குமா? ரவுட்டர் போட்ட கிழமையில இருந்து சத்தம். கமெராவுக்கும் திரும்ப உசுரு வந்துருச்சு. மலரு, நீங்க அதோட கண்ணைத்தான் கட்டினீங்க. வாயையும் காதையும் கட்டலையே."

"ஓம் அக்கா," என்றான் நிரஞ்சன். "மச்சான் வீட்டிலையும் உது இருக்கு. போனில மைக் அடையாளத்தை அமத்தினா அங்கத்தைச் சத்தம் இஞ்சை கேக்கும். அவர் தெரியாமல் அமத்திப்போட்டு, தான் சும்மா இருந்து கேக்கிறார் எண்டு நினைச்சிருப்பார்!"

நேசமலர் சாத்திய கதவுப் பக்கம் திரும்பினார். "அண்ணை! அங்கத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு வேலையால வந்திடுவன் எண்டு சொல்லுறவர். அது இஞ்சை இப்ப இரண்டரை..." பிறகு, "துவாய் மூடியிருக்கே. ஒண்டும் தெரியாதே. பேந்தென்னத்துக்கு வாறார்?" என்று கேட்டார்.

"அதை எங்கிட்ட கேட்டா? அவருகிட்ட கேளுங்க."

மண்டபத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கிணுகிணு, கிணுகிணு.

நேசமலர் இருட்டில் நடந்துபோய்த் துவாய்க்குக் கீழே நின்றார்.

"மூண்டு கரண்டி போட்டிருக்கிறீங்கள் போல. சீனியைக் குறையுங்கோ அண்ணை. அம்மாவின்ர சீனி வருத்தம் உங்களுக்கும் வரப்போகுது."

கனடாவில் ஒரு கரண்டி நிலத்தில் விழுந்தது.

"மலர்?" என்றது துவாய். "மலர், நீ... நான் கதைக்கேல்லையடி. நீ கதைக்க வேண்டாமெண்டு சொன்னனீ. நான் சும்மா..."

"இருட்டில என்னத்தைப் பாக்க வாறனீங்கள்?"

"பாக்கேலாதுதான். தவளை கத்துறது கேக்கும். சிலவேளை நீ இருமுறது கேக்கும். வீட்டில ஆள் இருக்கு எண்டு தெரியும். எனக்கு அது போதும்."

நேசமலர் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். துவாயை இழுத்தெடுத்து, அதாலேயே தன் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இப்ப தெரியுதோ?"

"தெரியுது." அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். "மெலிஞ்சு போனாய்."

"பேய்க்குப் பயந்து மெலியாமல்!" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வெடித்தது. "நாளைக்கு இந்த வீட்டை விட்டுப் போக இருந்தனான், தெரியுமோ உங்களுக்கு?"

குசினியில் நிரஞ்சன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். "அக்கா, அப்ப லொறி?"

"வரட்டும். வர்றவனுக்கும் ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்புவோம்." ராக்காயி அடுப்பைப் பற்றவைத்தார். "அந்தத் தேசிக்காயை இங்க கொண்டா. பேயோட்டத்தான் ஒதவல, தேத்தண்ணிக்காவது ஒதவட்டும்."

தேயிலைச் சாயம் ஊற்றி, தேசிக்காய் பிழிந்து, ராக்காயி மூன்று கோப்பைகளிலும் கரண்டியை விட்டுக் கிண்டத் தொடங்கினார்.

மண்டபத்தில் அண்ணனின் குரல் தாழ்ந்தது. "மலர், வீட்டில தனியத்தானே நிக்கிறாய்? அங்கால ஏதோ கிணுகிணுக்குது."

"பயப்பிடாதையுங்கோ அண்ணை" என்றார் நேசமலர். "அது ராக்காயி அக்கா. எனக்குத் தேத்தண்ணி கிண்டுறா."