மூன்றாவது அளவு

பாறைப் பிளவின் குறுக்கே பிடித்த டேப் அறுபத்தொன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர் காட்டியது. காலையில் அறுபத்திரண்டு. வித்தியாசம் ஆறே மில்லிமீட்டர்தான். ஆனால் குறைந்திருந்தது, அதுதான் அவளுக்கு உறுத்தியது. வெயிலில் பாறை விரியும், பிளவு ஒடுங்கும். குளிரில் பாறை சுருங்கும், பிளவு அகலும். இரண்டு வருடமாக அவள் எழுதிவந்த நோட்டில் ஒரு நாள்கூட இது மாறியதில்லை. இப்போதோ கடலிலிருந்து கிளம்பிய மூடுபனி மேற்குச் சரிவில் ஏறிச் சிகரத்தையே விழுங்கியிருந்தது. விரல்கள் விறைத்துப்போகும் குளிர்.

பிளவுக்குள் ஏழு மீட்டர் ஆழத்தில் அவளுடைய அண்ணன் இருந்தான். சிகரத்து வானிலை நிலையத்துக்கு அவன் பொறுப்பாளர். அவள் அளவு எடுப்பவள். அவன் அலுமினிய ஏணியில் இறங்கி, பாறையின் சாய்வைக் கவனிக்கும் கருவிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணா."

"என்ன, சந்தேகம்?" அவன் அவளுக்கு வைத்திருந்த பெயரே அதுதான்.

"இடைவெளி கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு."

"கையுறையக் கழட்டிட்டுத்தான அளந்தே?"

கழற்றித்தான் இருந்தாள். போன மாதம் கையுறையின் விரல்நுனி டேப்புக்கு அடியில் மாட்டியிருந்தது தெரியாமல், பிளவு இரண்டு சென்டிமீட்டர் ஒடுங்கிவிட்டதாக மலையடி அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டாள். இரண்டு பொறியாளர்கள் ஜீப்பில் அலறியடித்து வந்தார்கள், பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள், சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அன்று ராத்திரியே அவள் ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினாள்: மாறுதலான எந்த அளவையும் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை எடுக்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

"நீ எழுதின சட்டம். மூணு தடவை எடு. இங்க இன்னும் நாலு திருகாணி இருக்கு" என்றான் அண்ணன்.

அவள் குந்தி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பிளவின் இரண்டு சுவர்களிலும் சிப்பிகள் பதிந்திருந்தன. எத்தனையோ காலத்துக்கு முன் கடலடி மணலாக இருந்து, இறுகிக் கல்லாகி, அடியிலிருந்து ஏதோ நெட்டித் தள்ள வானம்வரை ஏறி வந்த பாறை அது. அதற்கும் கீழே சோப்புப் போல வழுக்கும் பச்சைக்கல் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அங்கிருந்து ஈரக்கல்லின் வாடையோடு, தூக்கத்தில் யாரோ பல்லை நறநறப்பது போல ஒரு சத்தம் மெல்ல வந்து, நின்று, மறுபடி வந்தது.

இரண்டாவது அளவு. ஐம்பத்தெட்டு.

டேப்பின் கொக்கி தளர்ந்திருக்கும். கண் மங்கியிருக்கும். துடைத்துவிட்டுப் பார்த்தாள். ஐம்பத்தெட்டுதான். டேப்பை அப்படியே பூட்டி, பிளவின் இரு கரையிலும் அடித்திருந்த அளவு முளைகளுக்கு நடுவில் விட்டுவைத்தாள்.

"எவ்வளவு வந்துச்சு?" கீழிருந்து கேட்டான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி. எடுத்துட்டுச் சொல்றேன்."

"அப்ப சரி. இங்க கொஞ்சம் முதுகு உரசுது. நான் குண்டாயிட்டேன் போல."

அவள் சிரிக்க முயன்றாள். நான்கு நிமிடம் மிச்சமிருந்தபோது டேப் நடுவில் லேசாக உயர்ந்தது. ஈரத்தில் தொய்ந்திருக்கும் என்று நினைத்தாள். தொய்ந்தால் கீழேதானே இறங்கும்? இது மேலே வளைந்தது. புருவம் போல. பிறகு வில் போல.

மூன்று நிமிடம். அவள் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை இளிச்சவாயாகிவிடக் கூடாது.

இரண்டு நிமிடம்.

டேப் பட்டென்று ஒடிந்து அவள் கன்னத்தைக் கிழித்தது.

"ஏறு! அண்ணா, ஏறு!"

ஏணி கீச்சிட்டது. அதன் கால்கள் ஒன்றையொன்று நெருங்கின. படிகள் நடுவில் மடங்கின. அண்ணன் மடங்கிய படிகளில் பக்கவாட்டாக ஏறினான். ஹெல்மெட் தெரிந்தது. முகம். ஒரு கை மேலே நீண்டது. மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மெதுவா இழு," என்றான். "தோள் மாட்டுது."

இழுத்தாள்.

"இழுடி."

குதிகாலைப் பாறையில் ஊன்றி இழுத்தாள். பாறை அவசரப்படவில்லை. முதலில் தோள் முறிந்தது. பிறகு விலா எலும்புகள், ஒவ்வொன்றாக, காய்ந்த சுள்ளிகளைப் போல. அவன் அலறவில்லை, அலற மூச்சுக்கு உள்ளே இடமில்லை. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன. ஹெல்மெட் கீறல் விட்டது. நெளிந்தது. வெடித்தது.

அவள் மல்லாக்க விழுந்தாள். கை அவள் பிடியிலேயே இருந்தது.

கைக்குப் பின்னால் யாரும் இல்லை.

பாறை மூடியிருந்தது. ஒரு காகிதம் செருகக்கூட இடமில்லை. பனி. அமைதி.

பிறகு பிளவு மூடிய கோடு நனைந்தது. சூடாக. ஆவியோடு. நிலையத்தின் பின்கதவிலிருந்து கடலைப் பார்த்த விளிம்புவரை நாற்பது காலடி நீளத்துக்கும் ரத்தம் ஊறி மேலே வந்தது. விளிம்பு தட்டி நின்றது. ஒரு ஆளின் உடம்பில் அவ்வளவு இருக்காது.

பாறை ஒரு விரல்கடை திறந்தது. ரத்தம் உள்ளே இறங்கியது. மூடியது. மேலே வந்தது. திறந்தது. இறங்கியது.

அவள் எழுந்து நின்றாள். சரிவெங்கும் பாசி படிந்த மெல்லிய கீறல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தன. அருகில் ஒன்று. அதற்கருகில் ஒன்று.

அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில் ஒன்று.